ஐந்து பொருளும் ஒரு கிண்ணமும்

திருச்சுழிப் பக்கத்துக் கோயில் ஒன்றின் வாசலில், பங்குனி வெயிலில், ஒரு செம்பு பானகம் பருகினோம். நீர், கருப்பட்டி, எலுமிச்சை, சுக்கு, ஏலம் என ஐந்து பொருள்கள். கப்பலோட்டிகளின் 'பஞ்ச்' உடனே நினைவுக்கு வந்தது. (அருப்புக்கோட்டை நெசவாளரிடம் பஞ்சு என்றால் வேறு பொருள் கொள்வார்!)

இச்சொல்லின் மிகப் பழைய எழுத்துச் சான்று 1632-ஆம் ஆண்டுக்குரியது. சோழமண்டலக் கரையில் இருந்த இராபர்ட் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயர், பெட்டப்போலியில், அதாவது இன்றைய ஆந்திரத்து நிஜாம்பட்டினத்தில், வணிகம் செய்த நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அது வருகிறது. ஐந்தைக் குறிக்கும் 'பாஞ்ச்' என்னும் வடநாட்டுச் சொல்லே மூலம் என்றார் பயணி ஜான் ஃப்ரையர். மிடாவின் ஆங்கிலப் பெயரோடு தொடர்புபடுத்துவோரும் உளர். பானகமே பஞ்சின் தாய் என்று சொல்லிவிட நமக்கும் ஆசைதான்; ஆனால் ஒப்புமை சான்றாகாது.

நெடும்பயணத்தின் வெப்பத்தில் பீர் கெட்டுவிடும். கரையில் தென்னங்கள்ளில் வடித்த சாராயம் மலிவு. அதில் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ந்தன. 1655-இல் ஆங்கிலேயர் ஜமைக்காவைக் கைப்பற்றிய பின், சாராயத்தின் இடத்தை அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்பின் ரம் மெல்லப் பிடித்தது.

செய்முறையில் நுட்பம் தோலில்தான் இருக்கிறது. எலுமிச்சைத் தோலைச் சர்க்கரையோடு கசக்கி ஊறவிட்டால் அதன் எண்ணெய் சர்க்கரையில் இறங்கும். பிறகு புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, ரம் மூன்று, நீர் நான்கு என்பது மேற்கிந்தியத் தீவுகளின் கணக்கு. மேலே சாதிக்காய்த் தூள்.

1740-இல் கடற்படைத் தளபதி வெர்னான், மாலுமிகளின் ரம்மில் நான்கு பங்கு நீர் கலக்க ஆணையிட்டார். விரும்பியவர் எலுமிச்சையும் சர்க்கரையும் வாங்கிச் சேர்க்கலாம். அவர் அணிந்த முரட்டுத் துணியின் பெயரால் அது 'கிராக்' ஆயிற்று. பிரிட்டிஷ் கடற்படையின் ரம் படி 1970 ஜூலை 31 அன்று நின்றது.

நம் பனங்காட்டிலோ கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கள்ளுக்குத் தமிழகத்தில் 1987-இல் தடை வந்தது. ரம்மை அரசு நிறுவனமே விற்கிறது. இவ்வரலாற்றை முதிய பனையேறி ஒருவரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கரும்புல வடிச்சா கடையில விக்கலாம், எங்க மரத்துல ஊறினா குத்தமா சார்?"