அரசனின் பரிசும் முதிய தீர்க்கதரிசியின் பந்தியும்: சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்வில் கீழ்ப்படிதலின் சோதனை

1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரத்தில் வரும் தேவனுடைய மனுஷன் இருமுறை சோதிக்கப்பட்டான். யெரொபெயாம் அரசன் வெகுமதி தருவதாக அழைத்தபோது அவன் உறுதியாக மறுத்தான். ஆனால் முதிய தீர்க்கதரிசி ஒருவன், தேவதூதன் சொன்னதாகப் பொய் கூறி அழைத்தபோது, தான் பெற்ற தெளிவான கட்டளையை விட்டு அவனோடு பந்தியிருந்தான். பொன்னாசையைவிடப் பக்தியின் சாயலில் வரும் சோதனையே கொடியது என்பதை இப்பகுதி உணர்த்துகிறது. தஞ்சைத் திருச்சபை வரலாற்றில் இவ்விருவகைச் சோதனைகளையும் சந்தித்தவர் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர் (1726–1798).

1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஐயர், 1778 முதல் தஞ்சையில் நிலையாகத் தங்கினார். 1779இல் சென்னை அரசினர் அவரை ஹைதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டணத்திற்குத் தூது அனுப்பினர். இரத்தஞ்சிந்துதலைத் தடுக்கக் கூடுமென்றே அவர் இசைந்தார். ஆயினும், வெகுமதிகளால் தம் கைகள் கறைபடலாகாது என்று உறுதிகொண்டார். வழிச்செலவுக்கென ஹைதர் அளித்த 300 ரூபாயை அரசினரிடமே ஒப்படைத்தார். அவர்கள் அதைத் திரும்பக் கொடுத்தபோது, தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அதைப் பயன்படுத்தினார்.

சிறிய தொகையாயினும் இச்செயலின் பலன் பெரிது. 1781இல் தஞ்சைக் கோட்டை நீங்கலாக நாட்டின் பெரும்பகுதி ஹைதரின் படைகளிடம் சிக்கியது. மன்னார்குடி, கூத்தாநல்லூர், திருவாரூர் எனப் பரந்து கிடக்கும் காவிரி நெல்வள நாட்டின் தலைநகரே பஞ்சத்தில் வாடிற்று. முன்பு கொடுத்த தானியத்திற்கும் மாடுகளுக்கும் விலை பெறாத குடியானவர்கள் அரசனின் வாக்கையும் கம்பெனியின் வாக்கையும் நம்பவில்லை. தம் கையாலேயே விலை கொடுப்பதாக ஐயர் வாக்களித்தபோது, மாடுகள் வந்தன. ஏறத்தாழ 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. கறைபடாத கையையே அக்குடியானவர்கள் நம்பினர்.

இரண்டாம் சோதனை 1787இல் வந்தது. மரணப்படுக்கையிலிருந்த துளஜா மன்னர், தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை ஐயரின் பாதுகாப்பில் ஒப்புவிக்க விரும்பினார். இளவரசனை வளர்ப்பவர் நாளைய அரசனின் மனத்தையும் ஆள்வாரன்றோ? சுவிசேஷத்திற்கு இதைவிடத் திறந்த வாசல் உண்டோ என்று பக்திமான்களும் கேட்டிருக்கக்கூடும். ஐயரோ மறுத்தார். அரண்மனைக் கட்சிகளின் நடுவே பிள்ளையின் உயிரைத் தம்மால் காக்க இயலாது என்று கண்டு, மன்னரின் சகோதரர் அமர்சிங்கைப் பாதுகாவலராக்கும்படி ஆலோசனை கூறினார்.

ஆனால் அந்த ஆலோசனை நற்பலன் தரவில்லை. அரியணையேறிய அமர்சிங்கின்கீழ்ச் சிறுவன் அடைபட்டுத் துன்புற்றான். பதவியை மறுத்ததோடு தம் கடமை முடிந்தது என்று ஐயர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. 1793இல் சரபோஜியைச் சென்னைக்கு அழைத்துச் சென்று, கல்விக்கு வழிசெய்து, அவருடைய உரிமைக்காக அரசினரிடம் வாதாடினார். முதலில் ஏற்க மறுத்த பொறுப்பைப் பின்னர் ஏற்றது முரண்பாடன்று. முன்னே செல்வாக்கு அவரை அழைத்தது. பின்னே ஒடுக்கப்பட்ட ஒரு பிள்ளையின் அபயக்குரல் அழைத்தது. பிள்ளையின் நலம் என்ற அளவுகோல் மட்டும் மாறவில்லை.

1798 பிப்ரவரி 13இல் ஐயர் மரித்தார். அவ்வாண்டிலேயே சரபோஜி அரியணையேறினார். அவர் கிறிஸ்தவராகவில்லை, எனினும் தம்மை வளர்த்தவருக்குச் சிறுகோட்டை ஆலயத்தில், ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் நினைவுச் சின்னத்தை நிறுவினார். மதமாற்றத்தை மட்டுமே பலனாக எண்ணுவோருக்கு இது தோல்வியாகத் தோன்றலாம்.

இன்றைய போதகருக்கு அரசரின் பணப்பை வராமற்போகலாம். ஆனால் பதவி, சபையின் நன்மை, ஊழிய விரிவு என்ற நற்பெயர்களோடு முதிய தீர்க்கதரிசியின் அழைப்பு வந்துகொண்டேயிருக்கிறது. அப்போது நாம் கேட்கவேண்டியது, இதனால் ஊழியம் வளருமா என்பதன்று. நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டவர் இதனால் காக்கப்படுவாரா என்பதே. அவ்வாறு கேட்கும் துணிவை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.