ஊர்ப்பேச்சில் எழுதிய பன்னாலால் படேல்

உங்கள் பள்ளியில் தமிழ் எடுக்காத இந்தியப் பிள்ளைகளும் இருப்பார்கள். வங்காளம், குஜராத்தி, இந்தி, பஞ்சாபி, உருது ஆகியவற்றில் ஒன்றை அவர்கள் தாய்மொழிப் பாடமாக எடுக்கலாம். இங்கே உட்லண்ட்ஸில் குஜராத்தி படிக்கிற பிள்ளை ஒன்று நம் தமிழ் வகுப்பைத் தாண்டிப் போகும்போது, அந்த மொழியில் யார் நாவல் எழுதினார்கள் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? காந்தி பெயரைச் சொல்வோம். அதோடு சரி.

நான் சொல்ல வந்தது பன்னாலால் படேலைப் பற்றி. 1912இல் டூங்கர்பூர் பகுதியில் மாண்ட்லி என்ற கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊர் இன்று ராஜஸ்தானில், குஜராத் எல்லையோரம் இருக்கிறது. இடர் பள்ளியில் அவரோடு படித்தவர் உமாசங்கர் ஜோஷி. உமாசங்கர் மேலே படித்துப் பெரிய கவிஞரானார். பன்னாலால் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. அகமதாபாத்தில் மின்சார நிறுவனத்தில் எந்திரத்துக்கு எண்ணெய் போட்டார், மீட்டர் குறித்தார். 1936இல் அங்கே நடந்த இலக்கிய மாநாட்டில் பழைய நண்பரைப் பார்த்தார். "எழுதுப்பா" என்று தூண்டிவிட்டவர் உமாசங்கர்தான்.

அடுத்து நடந்தது வேகமாக நடந்தது. 1941இல் 'மளேலா ஜீவ்' வந்தது. வேறு வேறு சாதியைச் சேர்ந்த கான்ஜியும் ஜீவியும் திருவிழா ராட்டினத்தில் சந்திக்கிற கதை. நாவலை 24 நாளில் எழுதி முடித்தாராம்.

ஆனால் நீங்கள் படிக்க வேண்டியது 1947இல் வந்த 'மானவீனீ பவாயீ'. பவாய் என்றால் குஜராத்தின் கூத்து. நம்ம தெருக்கூத்து மாதிரி வைத்துக்கொள்ளலாம். 1899இல் மழை பொய்த்து வந்த பஞ்சம்தான் நாவலின் நெஞ்சுப் பகுதி. விக்ரம ஆண்டு 1956 என்பதால் மக்கள் அதை 'சப்பனியோ', அதாவது 'ஐம்பத்தாறு' என்றே அழைத்தார்கள். நம் தாது வருஷப் பஞ்சம் போல, ஆண்டின் பெயரே பஞ்சத்தின் பெயராகிவிட்டது. பன்னாலால் அது முடிந்து 12 ஆண்டு கழித்துப் பிறந்தவர். ஊரே சொல்லிச் சொல்லி வைத்திருந்த நினைவு அது. தானியம் விளைவித்துக் கொடுத்துப் பழகிய காளு, தர்மத்துக்குக் கொடுக்கிற தானியத்துக்குக் கைநீட்டக் கூசி நிற்கிற இடம் என்னை ரொம்ப நாள் விடவில்லை. பசியைவிடப் பிச்சை அவனுக்குக் கொடியதாகப் படுகிறது.

இன்னொன்று, அவர் மொழி. இடர், டூங்கர்பூர் பக்கத்து விவசாயிகள் பேசுகிற பேச்சு அப்படியே உரையாடலில் வருகிறது. அந்த எழுத்துக்கு 1985ஆம் ஆண்டின் ஞானபீட விருது கிடைத்தது. குஜராத்தியில் அவருக்கு முன் அதைப் பெற்ற ஒரே ஆள், 1967இல், அதே உமாசங்கர் ஜோஷி! 1989இல் பன்னாலால் காலமானார்.

தமிழில் இந்நாவலைத் துளசி ஜெயராமன் 'வாழ்க்கை ஒரு நாடகம்' என்று மொழிபெயர்த்திருக்கிறார். பேச்சுத்தமிழை வகுப்பில் எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்று ஆசிரியர் அறையில் நாம் இன்னும் வாதாடிக்கொண்டுதானே இருக்கிறோம்? உயர்நிலை 3 பிள்ளைகளிடம் காளு கைநீட்டத் தயங்கும் இடத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். காளு பேசுவதை அவரவர் வீட்டுத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். சிவப்பு மையை அன்றைக்கு மட்டும் எடுக்காதீர்கள்.