கயத்தாறுக்குப் பிறகு

மாசித் திருவிழாவில் திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றிக் குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்தில், சாமி பாட்டு ஓய்ந்ததும் சவுண்ட் சர்வீஸ்காரர் போடுவது ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ கதைவசனம். படத்தைப் பார்க்கும் முன்பே எங்களுக்கு அது காதால் மனப்பாடம். இன்றும் எனக்குப் படத்தைப் பார்ப்பதைவிட ஒலிச்சித்திரமாகக் கேட்பதுதான் பிடிக்கிறது.

கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சன் துரையைச் சந்திக்கும் கட்டத்தைக் கவனித்துக் கேளுங்கள். சிவாஜி எடுத்த எடுப்பில் முழங்குவதில்லை. அடங்கித் தொடங்கும் குரல் கேள்விக்குக் கேள்வி ஏறி, வரி பற்றிய பேச்சு வந்ததும் வெடிக்கிறது. 1959-இல் படமாகும் முன், 1957-இல் சேலத்தில் அரங்கேறி ஊர் ஊராக நடந்த நாடகம் இது. சக்தி டி.கே. கிருஷ்ணசாமியின் வசனத்தில் எங்கே மூச்சு வாங்குவது என்பது சிவாஜிக்கு மேடையிலேயே படிந்துவிட்டது. 1960-இல் கெய்ரோ திரைப்பட விழாவில் அவர் நடிப்புக்கும் ஜி. ராமநாதன் இசைக்கும் பரிசு கிடைத்தது.

அந்தச் சந்திப்பு உண்மையில் நடந்தது 1798 செப்டம்பரில், ராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில். வெளியேறும்போது மூண்ட கைகலப்பில் கிளார்க் என்ற அதிகாரி செத்தார். ஜாக்சனைக் கிழக்கிந்தியக் கம்பெனியே பதவியிலிருந்து இறக்கியது.

1799 அக்டோபர் 16, கயத்தாறு, கட்டபொம்மனுக்குத் தூக்கு. கதைவசனம் அத்தோடு முடிகிறது. எங்கள் ஜில்லாவின் பங்கு அதற்குப் பிறகுதான் பெரிதாகிறது. விருப்பாட்சி என்றால் பலருக்கு மலைவாழைப்பழம்தான் ஞாபகம் வரும். அந்த ஊர்ப் பாளையக்காரர் கோபால் நாயக்கர், முன்பு வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்தவர். திண்டுக்கல் பக்கத்துப் பாளையங்களைச் சேர்த்துக்கொண்டு, மருது சகோதரர்களோடும் கைகோத்து, 1800 ஜூனில் கோயம்புத்தூரில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்கத் திட்டம் போட்டார். அது பலிக்கவில்லை. 1801-இல் அவரைத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். அந்த இடம் கோபாலசமுத்திரக் குளக்கரை என்பது ஊர் வழக்கு. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் தோற்று, அந்த நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலேறினார்.

கட்டபொம்மனை எங்கள் வீட்டு மனிதராக்கியது அந்த ஒலிதான். கோபால் நாயக்கருக்கு அப்படி ஒரு குரல் வாய்க்கவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளே அவர் பெயரைக் கேட்டு முழிக்கிறார்கள். இது எனக்குத் தாங்கவில்லை. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ஒட்டன்சத்திரம் தாண்டியதும் விருப்பாட்சியில் அவருடைய மணிமண்டபத்தை ஒரு நடை பார்த்துவிட்டுப் போங்கள். கூட வரும் பிள்ளைகளுக்கும் அவர் கதையைச் சொல்லுங்கள்.