வை திஸ் கொலவெறி டி

வை திஸ் கொலவெறி டி என்பது ‘3’ திரைப்படத்தில் இடம்பெற்ற காதல் தோல்விப் பாடல். தனுஷ் எழுதிப் பாடினார். அனிருத் ரவிச்சந்தர் இசையமைத்தார். அவருக்கு இதுவே முதல் படம். படத்தை இயக்கியவர் ஐஸ்வர்யா. பாடலின் முழுமை பெறாத வடிவம் இணையத்தில் கசிந்ததால், பதிவுக்கூடக் காட்சிகளுடன் கூடிய காணொளியை 2011 நவம்பர் 16 அன்று சோனி மியூசிக் வெளியிட்டது.

அமைப்பு: காதலியால் கைவிடப்பட்டவன் நண்பர்களிடம் புலம்புவதாக அமைந்தது. தமிழும் ஆங்கிலமும் கலந்த ‘தங்கிலீஷ்’ சொற்கள், எளிய மெட்டு, நாகஸ்வரம், சாக்சபோன், தாள வாத்தியங்கள் ஆகியவை இதன் கூறுகள். ‘தேவதாஸ்’ (1953) படக் காலத்துச் சோகப் பாடல்களின் கனம் இதில் இல்லை. தோற்றவன் தன்னையே கேலி செய்துகொள்கிறான்.

வரவேற்பு: சில நாள்களிலேயே மொழி எல்லை கடந்து பரவியது. மெட்டு சாதாரணமானது, சொற்கள் ரசனையை அவமதிப்பவை என்று இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் கண்டித்தார். அந்த எளிமையே பாடலின் பலம் என்றனர் ஆதரவாளர்கள். 2012 மார்ச் 30 அன்று வெளியான படம் கலவையான விமர்சனங்களையே பெற்றது. பாடலின் புகழ் படத்தை மறைத்துவிட்டதாக இயக்குநரே பின்னாளில் கூறினார்.