நூலைப் போல சேலை: வயதான பெண்களின் உடல் வலிமை பற்றி ஒரு வரலாறு

போன மாதம் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்கு 71 வயது. அதற்கு முந்தின வாரம் குளியலறையில் முக்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் அரைமணி நேரம் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். இயன்முறை மருத்துவர் ஒரு கைப்பிடிக் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். 13 கிலோ காட்டியது. பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் தசை வலு குறைந்துவிட்டது என்று பொருள் என ஆசிய நாடுகளின் மருத்துவ வல்லுநர் குழு 2019-இல் வகுத்திருக்கிறது. மருத்துவர் சில பயிற்சிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். தங்கை அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

"அம்மைக்கும் இப்பிடித்தானே அண்ணா இருந்து? நம்ம குடும்பத்து ஒடம்புவாகு அது. என்ன செஞ்சி என்ன?" என்றாள்.

நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை என்று நாமெல்லாம் சொல்லி வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. வலிமையில் பிறப்பின் பங்கு எவ்வளவு என்று அறிந்துகொள்ள, கிடைத்ததை எல்லாம் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

தங்கை அழுத்திய கருவிக்கு 200 வயதுக்கு மேல் ஆகிறது. பாரீஸில் எட்மே ரெஞ்ஞியே என்பவர் 1798-இல் அதை வெளியிட்டார். செய்யத் தூண்டியவர்களில் ஒருவர் இயற்கை அறிஞர் பூஃபோன். அப்பாவின் வேலை காரணமாகப் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பூஃபோன் பெயரைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறேன், இந்தக் கருவியைத்தான் கேள்விப்பட்டதில்லை. 1800-இல் புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்பயணத்தில் பெரோன் என்ற இளைஞர் இதை ஆஸ்திரேலியா, தீமோர் பக்கம் கொண்டுபோய் அங்குள்ள மக்களை அழுத்தச் சொன்னார். ஐரோப்பியர்களே வலியவர்கள் என்று எழுதிவைத்தார். பழக்கத்தையும் சாப்பாட்டையும் பிறப்போடு போட்டுக் குழப்பிய கணக்கு அது.

1884-இல் லண்டன் சுகாதாரக் கண்காட்சியில் பிரான்சிஸ் கால்டன் ஒரு அளவெடுக்கும் கூடம் வைத்தார். மூன்று பென்னி கட்டணம். ஆணும் பெண்ணுமாக 9,337 பேர் வந்து உயரம், எடை, கைவலு எல்லாம் அளந்துகொண்டு போனார்கள். எல்லாம் பரம்பரை என்று நம்பியவர் கால்டன். இரட்டையர்களை ஒப்பிட்டால் பிறப்பையும் வளர்ப்பையும் பிரித்தறியலாம் என்று 1875-இலேயே எழுதியவரும் அவர்தான். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரையும், ஒன்றாகப் பிறந்த சாதாரண உடன்பிறப்புகள் போன்ற இரட்டையரையும் தனித்தனியே ஒப்பிடும் முறை 1924-இல் ஜெர்மனியில் உருவானது. முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட எவ்வளவு கூடுதலாக ஒத்திருக்கிறார்கள் என்பதிலிருந்து மரபணுவின் பங்கைக் கணக்கிடலாம்.

இந்த முறையில், மாதவிடாய் நின்ற பெண்களையே எடுத்து லண்டனில் ஆர்டன், ஸ்பெக்டர் என்ற இருவர் செய்த ஆய்வு 1997-இல் வெளிவந்தது. 353 ஜோடி இரட்டைச் சகோதரிகள். கொழுப்பு நீங்கிய உடல் எடையில் காணும் வேறுபாட்டில் 52 சதவீதம் மரபணுவால் வந்தது. கால் வலுவில் 46. கைப்பிடி வலுவில் 30.

அதாவது, தசை எவ்வளவு இருக்கிறது என்பதில் பிறப்பின் பங்கு பாதி. அந்தத் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்பதில் அதைவிடக் குறைவு. அந்தப் பங்கும் ஒரே மரபணுவிலிருந்து வருவதல்ல. 60 வயது கடந்த இரண்டரை லட்சம் பேரை வைத்து 2021-இல் வந்த ஆய்வு, வலுக்குறைவோடு தொடர்புள்ள 15 இடங்களை மரபணுத் தொகுதியில் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. அவர்கள் எல்லாரும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் மறக்கக் கூடாது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. எனக்கு இது விளங்க இரண்டு நாள் ஆயிற்று. 30 சதவீதம் என்றால் என் தங்கையின் 13 கிலோவில் நாலு கிலோ அம்மை தந்தது என்று பொருளல்ல. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் அவ்வளவு பங்கு என்றுதான் பொருள். அந்தக் கூட்டத்தின் வாழ்க்கைமுறை மாறினால் அந்தப் பங்கும் மாறும். எல்லாரும் ஒரே வேலை செய்து ஒரே கஞ்சியைக் குடித்தால், மிஞ்சுகிற வேறுபாடு பிறப்பால் வந்ததாகத்தான் இருக்கும்.

நம் நாஞ்சில் நாட்டை நினைத்துப் பாருங்கள். 1906-இல் பேச்சிப்பாறை அணை வந்தபின் கன்னிப்பூவும் கும்பப்பூவும் ஒழுங்காக விளைந்தன. வயலில் இறங்கிய பெண்கள் எல்லாருக்கும் ஒரே வேலை. சேற்றில் குனிந்து நடவு, களை, அறுப்பு. சும்மாட்டின்மேல் கதிர்க்கட்டை ஏற்றி வரப்பு வழியே களத்துக்கு நடை. வீட்டுக்கு வந்தால் உரலும் உலக்கையும். கடற்கரைப் பெண்கள் மீன் கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராக நடந்தார்கள். பாதையோரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நின்றது சும்மா அல்ல. வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நட்டார்கள்.

எல்லாத் தலையிலும் சுமை இருந்த அந்தக் காலத்தில் ஒருத்தி மட்டும் கூடுதல் கட்டுத் தூக்கினால், "அவ ஆத்தா ஒடம்பு அது" என்று சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். பழமொழி பொய்யல்ல. அது பிறந்த காலம் வேறு.

பிறகு அரிசி ஆலை வந்தது, டிராக்டர் வந்தது, கிரைண்டரும் மிக்ஸியும் வந்தன. வயல் தென்னந்தோப்பாகி, தோப்பு வீட்டுமனையாயிற்று. அந்தப் பாடு ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். இடுப்பொடிய உழைத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சுமை இறங்கியபோது வலுவும் சேர்ந்து இறங்கியதை நாம் கவனிக்கவில்லை.

என் அம்மையும் சித்தியும் ஒரே வயிற்றில் இரண்டு வருட இடைவெளியில் பிறந்தவர்கள். பழையாற்றங்கரையில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அம்மை அப்பாவோடு புதுச்சேரி வந்து குழாய்த் தண்ணீரும் வேலைக்காரியுமாக வாழ்ந்தாள். சித்தி ஊரிலேயே இருந்து வயலில் இறங்கினாள். 68 வயதில் அம்மைக்குத் தரையிலிருந்து எழ ஆள் வேண்டும். சித்தி 75-இலும் கிணற்றிலிருந்து நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தாள். அமெரிக்காவில் பிராமிங்காம் ஊரில் எடுத்த கணக்கு ஒன்று 1981-இல் வெளிவந்தது. 75 முதல் 84 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 65 பேரால் நாலரைக் கிலோவைத் தூக்க முடியவில்லையாம். சித்தியின் குடம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். உடன்பிறந்தவர்கள் என்றாலும் மரபணு பாதிதான் ஒத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேரை வைத்து விதி சொல்ல முடியாது. ஆனால் "அம்மைக்கும் இப்படித்தான்" என்று சொல்கிறவள், சித்திக்கு எப்படி என்றும் சொல்ல வேண்டுமல்லவா?

"இனி 71 வயதில் என்ன ஆகப்போகிறது?" என்பது அடுத்த கேள்வி. அதற்கும் பதில் இருக்கிறது. 1990-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேரை எட்டு வாரம் காலால் எடை தூக்கவைத்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். பயிற்சியை நிறுத்தியதும் நாலே வாரத்தில் சேர்ந்த வலுவில் ஒரு பகுதி போய்விட்டது. பிறப்பு மாறவில்லை, எட்டு வாரத்தில் வலு மாறியது.

இதையெல்லாம் தங்கையிடம் போய்ச் சொன்னேன். புள்ளிவிவரம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. சித்தியின் குடத்தைச் சொன்னதும் சிரித்தாள். "அந்தக் குடம் இப்பவும் எங்கிட்டதான் இருக்கு அண்ணா" என்றாள். மருத்துவர் தாளை அலமாரியிலிருந்து எடுத்தோம். முதல் பயிற்சி, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. அன்றைக்கு இரண்டு முறைதான் முடிந்தது. நேற்று போனில் ஏழு என்றாள்.

உங்கள் வீட்டிலும் வயதான அக்காவோ தங்கையோ இருந்தால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஆரம்பித்துவிடுங்கள். நூல் எப்படி இருந்தாலும் நெய்கிற வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.