சென்னை சமூகப்பணிக் கல்லூரி

எழும்பூர் காசா மேஜர் சாலையில் உள்ள இக்கல்லூரியைச் சமூக சேவகி மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றது. நாட்டின் முதல் சமூகப்பணிப் பள்ளி இதற்கு முன்பே, 1936இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளையின் முயற்சியில் உருவானது.

சமூகப்பணிப் படிப்பில் வகுப்பறை பாதிதான். மருத்துவமனை, சிறார் இல்லம், குடிசைப் பகுதி என்று மாணவர்கள் களப்பணிக்குப் போகிறார்கள். யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம் என்று அறிக்கை எழுதி ஆசிரியரோடு விவாதிக்கிறார்கள். பயிற்சியின் உயிரே அந்த அறிக்கைதான்.

ஆராய்ச்சியும் களத்திலிருந்தே பிறக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, குமரி மாவட்டத்து மயிலாடியில் கருங்கல்லில் சாமி சிலை வடிக்கும் பட்டறைகள் நிறைய. கல்தூள் ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும்; அதைக் குணப்படுத்த மருந்தில்லை, தடுக்கத்தான் முடியும். முகக்கவசம், தண்ணீர் விட்டு அறுப்பது, நலவாரியப் பதிவு என்று சமூகப்பணியாளருக்கு அங்கே வேலை இருக்கிறது.