தடையும் திறப்பும்: இந்தியாவில் பண்ட முன்பேர வணிகம், 1875–2021

முன்னுரை

விளைபொருள்களின் விலை ஏறும்போதெல்லாம் பழி முதலில், பின்னாளில் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசும் முன்பேர வணிகத்தின் மீதே விழுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலம் முதல் அரசு அதைத் தடை செய்வதும் திறந்துவிடுவதுமாக இருந்துவருகிறது. தடை விலையபாயத்தை ஒழித்ததா, அல்லது அதன் சுமையை வேறொருவர் தலைக்கு மாற்றியதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொடக்கம்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–65) லிவர்பூலுக்குப் போன இந்தியப் பருத்தியின் விலை உச்சம் தொட்டது. போர் முடிந்ததும் அது சரிய, பம்பாய் வணிகர் பலர் நொடித்துப்போனார்கள். பத்தாண்டுகள் கழித்து, 1875இல், பம்பாய் பருத்தி வணிகச் சங்கம் உருவானது. இந்தியாவில் ஒழுங்கமைந்த முன்பேர வணிகம் அதிலிருந்து தொடங்குகிறது. அதன் நடைமுறையில் அதிருப்தி கொண்ட ஆலை அதிபர்களும் வணிகர்களும் 1893இல் தனிச் சந்தை ஒன்றை நிறுவினர்.

இயங்கும் முறை

மூன்று மாதம் கழித்து நூல் தருவதாக இன்றே விலை பேசிவிட்ட ஒரு கோவை நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். பருத்தி கேண்டி (356 கிலோ) ரூ.60,000 என்றும், முன்பேர விலையும் அதுவே என்றும் வைத்துக்கொள்வோம். ஆலை முன்பேரத்தில் வாங்கிவைக்கிறது. இரண்டு விலையும் ரூ.66,000 ஆனால், பஞ்சுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ரூ.6,000 முன்பேர லாபத்தில் ஈடாகிவிடும். விலை இறங்கினால் முன்பேரத்தில் நட்டம். ஆனால் பஞ்சு மலிவு. இரண்டு சந்தைகளும் துல்லியமாக ஒரே அளவில் நகர்வதில்லை என்பதால் சிறு வேறுபாடு எப்போதும் மிஞ்சும். மேலும், மார்ஜின் எனும் பிணைப்பணம் கட்டியாக வேண்டும். அன்றன்றைய நட்டத்தை உடனுக்குடன் செலுத்தவும் வேண்டும். ஆலை தள்ளிவிடும் அபாயத்தை லாபம் கருதி ஏற்பவரே ஊக வணிகர். அவரின்றி ஆலைக்கு எதிரில் ஆள் கிடைப்பது அரிது.

தடைக்காலம்

1952இல் முன்பேர ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1953இல் அதற்கான ஆணையம் அமைந்தது. 1960களின் நடுவில் பஞ்சமும் பற்றாக்குறையும் வாட்டியபோது, மிளகு, மஞ்சள் போன்ற சிலவற்றைத் தவிர ஏனைய பண்டங்களில் முன்பேர வணிகம் முடக்கப்பட்டது. அபாயம் மட்டும் மறையவில்லை. பதிவேதும் இல்லாத ‘டப்பா’ வணிகம் தழைத்தது. அதில் ஒரு தரப்பு கைவிரித்தால் கேட்பாரில்லை. 1980இல் குஸ்ரோ குழுவும் 1994இல் காப்ரா குழுவும் திறப்பைப் பரிந்துரைத்தன. 2003 ஏப்ரலில் தடை பெருமளவு நீங்கியது. அவ்வாண்டே எம்சிஎக்ஸ், என்சிடிஇஎக்ஸ் சந்தைகள் செயல்படத் தொடங்கின.

மீண்டும் தடை

2007 தொடக்கத்தில் துவரை, உளுந்து, கோதுமை, அரிசி ஆகியவற்றுக்குத் தடை வந்தது. விலையேற்றத்துக்கு முன்பேர வணிகமே காரணம் என்பதற்கு, அதை ஆராய்ந்த அபிஜித் சென் குழுவால் உறுதியான சான்று காண முடியவில்லை. 2015இல் ஒழுங்குமுறைப் பொறுப்பு ஆணையத்திடமிருந்து, பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபியிடம் சென்றது. 2021 டிசம்பரில் கடலை, கடுகு, சோயா, பாசிப்பயறு, கச்சா பாமாயில் உள்ளிட்ட ஏழு பண்டங்களின் முன்பேர வணிகத்தைச் செபி நிறுத்திவைத்தது. பாமாயிலுக்கு உலக அளவுகோல் மலேசியச் சந்தை விலைதான். ஆகவே இங்கே மூடியதால் இறக்குமதியாளர் இழந்தது விலையபாயத்தை அல்ல, அதற்கான உள்நாட்டுக் காப்பைத்தான்.

எனினும் தடை கோரும் தரப்பின் அச்சமும் வெறுங்கற்பனை அன்று. 2020 ஏப்ரல் 20 அன்று, ஊரடங்கால் எம்சிஎக்ஸ் மாலை 5 மணிக்கே மூடிவிட்டது. அன்றிரவு அமெரிக்காவில் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. இங்கே ஏப்ரல் ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் ரூ.2,884 என்று முடிக்கப்பட்டது. 100 பீப்பாய் கொண்ட ஒரு லாட் வாங்கியிருந்தவர், போட்ட விலை முழுதும் போனதோடு, மேலும் ரூ.2,88,400 இழந்தார். வெளியேற அவருக்கு வழியே இருக்கவில்லை.

முடிவுரை

இவ்வரலாறு காட்டுவது, தடை அபாயத்தைப் போக்குவதில்லை; அதை ஆலையின், இறக்குமதியாளரின் கணக்கில் ஏற்றிவிடுகிறது என்பதே. ஊகம் மிஞ்சும்போது மார்ஜினை உயர்த்தலாம். ஒருவர் வைத்திருக்கக்கூடிய ஒப்பந்த அளவுக்கு வரம்பைக் குறைக்கலாம். இவை ஒழுங்குமுறை அமைப்பின் கையில் ஏற்கெனவே உள்ளவை. ஊக வணிகரைக் கட்டுப்படுத்த, காப்புத் தேடிவரும் தொழிலுக்கும் சேர்த்துக் கதவடைக்க வேண்டியதில்லை.